பச்சிளங்குழந்தைக்குரிய படுக்கை: மலைப்புற இல்லங்களுக்குச் சில விளக்கங்கள்

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. அது விழித்திருக்கும் சிறுபொழுதுக்குரிய தாய்ப்பால், தடுப்பூசி, எடை முதலியவற்றைப் பற்றிக் கள ஊழியர்கள் அன்னையர்க்கு அக்கறையோடு எடுத்துரைக்கின்றனர். எஞ்சிய பொழுதெல்லாம் அது எங்கே, எதன்மீது, எவ்வாறு கிடக்கிறது என்பது பெரும்பாலும் வீட்டுப் பாட்டிமாரின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. இப்பொழுது நகரக் கடைகளில், தாயின் கட்டிலோடு சேர்த்துப் பூட்டத்தக்க சிறு கட்டில்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஒரு பக்கம் திறந்தும், மற்ற மூன்று பக்கங்கள் வலையாலோ மரச்சட்டங்களாலோ அடைக்கப்பட்டும் இருக்கும் இவற்றை இக்கட்டுரையில் பக்கத்தொட்டில் என்று குறிப்பிடுவோம். இதனை வாங்கத்தான் வேண்டுமா, வீட்டில் கட்டும் தூளி போதாதா என்று தாய்மார் வினவும்போது ஊழியர் காரணத்தோடு விடை கூற வேண்டியவராகிறார்.

பக்கத்தொட்டிலின் பயனெல்லாம் நான்கு தன்மைகளில் அடங்கும். படுக்கும் பரப்பு தட்டையாக இருக்கிறது, அமுங்காமல் இருக்கிறது, குழந்தைக்கென்றே தனியாக இருக்கிறது, தாயின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. இந்நான்கும் அமைந்த இடம் லயத்து வீட்டின் தரையிலும் கிடைக்கக் கூடும்; விலையுயர்ந்த கட்டிலில் இவற்றுள் ஒன்று இல்லாமலும் போகக் கூடும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்களில் இதற்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய சமவெளி ஊர்களில் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் சனவரி விடியற்காலையில் புல்மீது உறைபனி படிகிறது. குழந்தையை நன்றாகப் போர்த்துங்கள் என்னும் ஒரே அறிவுரை ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் தீங்காகவும் முடியும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

2023ஆம் ஆண்டுக்குரிய மாதிரிப் பதிவுத் திட்டப் புள்ளிவிவரப்படி, கேரளத்தில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை 5. இந்தியா முழுவதற்குமான எண் 25. பெருமைக்குரிய இந்த எண் மாநிலம் முழுமைக்கும் உரிய சராசரி என்பதை மறத்தல் கூடாது. 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. தாயின் ஊட்டக்குறைவும் குழந்தையின் எடைக்குறைவும் அங்கே பெருங்காரணங்களாக இருந்தன. படுக்கையை மாற்றுவதால் ஊட்டக்குறைவு நீங்கிவிடாது. ஆயினும் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தையையே குளிரும் மூச்சுத்தடையும் முதலில் தாக்குகின்றன. அக்குழந்தையின் திறத்தில் படுக்கை சிறு செய்தியன்று.

தூளியின் குணமும் குறையும்

தூளி என்றும் ஏணை என்றும் சேலைத் தொட்டில் என்றும் வழங்கும் துணித்தொட்டிலை அறியாமையின் சின்னம் என்று கருதுவோர் அதனை ஆராய்ந்து பார்க்கவில்லை என்றே கூற வேண்டும். எறும்பு, தேள், எலி முதலியன எட்டாத உயரத்தில் அது குழந்தையை வைக்கிறது. ஈரத்தரையிலிருந்து விலக்குகிறது. மெல்லிய பருத்திச் சேலையின் இழைகளூடே காற்றுச் செல்வதால் கோடையில் குளிர்ச்சி தருகிறது. ஆட்டும்போது உண்டாகும் சீரான அசைவு அழுகையை அடக்குகிறது. கருப்பையில் இருந்தபோது தாயின் நடையால் ஏற்பட்ட அசைவுக்கு அது பழகியதே. காசு செலவில்லை, மடித்து வைத்தால் இடமும் அடைப்பதில்லை. ஓர் அறையில் ஐந்து பேர் உறங்கும் வீட்டுக்கு இவையெல்லாம் பெரிய வசதிகள்.

குறை, தொங்கும் துணி வளைந்து கொள்வதில் இருக்கிறது. குழந்தையின் முதுகும் அவ்வளைவுக்கேற்ப வளைகிறது. பிறந்த குழந்தையின் தலை உடலின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பிடரிப்பகுதி பின்னோக்கிப் புடைத்திருக்கும். எனவே வளைந்த துணியில் கிடத்தும்போது தலை முன்னோக்கிச் சாய்ந்து, மோவாய் மார்பைத் தொடுகிறது. கழுத்துத் தசைகளுக்கு வலுவில்லாமையால் குழந்தையால் அதனைத் தானே நிமிர்த்த முடியாது. மேலும் துணியின் இருபக்கங்களும் எடையால் நெருங்கி வந்து முகத்தின் அருகே சேர்கின்றன.

மோவாய் மார்பில் படுவதால் நேரும் தீங்கு என்ன? பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் குருத்தெலும்பு வளையங்கள் மென்மையானவை. மெல்லிய குழாயில் சீராக ஓடும் பொருளின் ஓட்டத்தைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் கண்டறிந்த விதியின்படி, குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கு ஏற்படும் தடை இருமடங்காவதோடு நிற்பதில்லை, 16 மடங்காகிறது. பெரியவரின் அகன்ற குழாயில் பொருட்படுத்தத் தகாத ஒரு மடிப்பு, குழந்தையின் குழாயில் பெருந்தடையாகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். பப்பாளி இலையின் காம்பு உள்ளே துளையுடையது. பருத்த காம்பு ஒன்றையும், ஏறத்தாழ அதில் பாதி துளையுள்ள மெல்லிய காம்பு ஒன்றையும் ஒரே நீளத்தில் வெட்டி, மாணவரை அவற்றின் வழியே ஊதச் சொன்னால் போதும். வேறுபாட்டை வாய் உணர்ந்த பின் விதியைக் கரும்பலகையில் எழுதலாம்.

முகத்தருகே துணி சேர்வதன் தீங்கு வேறு வகையானது. நாம் வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 4 விழுக்காடு கரியமிலவாயு உள்ளது; வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடே. மூக்கருகே துணியோ மென்மையான தலையணையோ இருந்தால், வெளிவிட்ட காற்றே திரும்பவும் உள்ளே செல்கிறது. வளர்ந்தவர் இந்நிலையில் உடனே விழித்துத் தலையைத் திருப்பிக் கொள்வர். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளைத்தண்டிலுள்ள விழிப்பூட்டும் அமைப்பு முழுமையாகத் தேர்ந்திருப்பதில்லை. உறக்கத்தில் காரணம் புலப்படாமல் நேரும் குழந்தை இறப்புகளில் பெரும்பாலானவை பிறந்து ஆறு மாதங்களுக்குள்ளேயே நிகழ்வதற்கு இது முக்கிய விளக்கமாகக் கருதப்படுகிறது.

இங்கே குப்புறப் படுத்தலைப் பற்றியும் கூற வேண்டும். மேல்நாடுகளில் பல ஆண்டுகள் குழந்தைகளைக் குப்புறக் கிடத்துமாறு மருத்துவரே அறிவுறுத்தி வந்தனர். அது தவறென்று தெளிந்து, இங்கிலாந்தில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாத்திக் கிடத்துமாறு நாடளாவிய பிரசாரம் தொடங்கப்பட்டது. அதன்பின் இவ்வகை இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. நம் நாட்டில் மல்லாத்திக் கிடத்துவதே பழைய வழக்கம். இவ்விஷயத்தில் நம் பாட்டிமார் மேல்நாட்டு நூல்களைவிட முன்னே இருந்தனர் என்று சொல்லலாம். ஆனால் பால் கக்கும் குழந்தையை மல்லாத்தினால் புரையேறும் என்ற அச்சத்தால் சிலர் குப்புறவோ ஒருக்களித்தோ கிடத்துகின்றனர். உடலமைப்பு இதற்கு மாறானது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழுமாக இருப்பதால், கக்கிய பால் கீழேயே தேங்கி மீண்டும் விழுங்கப்படுகிறது. குப்புறப் படுத்தால் மூச்சுக்குழாய் கீழே வந்து, பால் அதற்குள் வழிந்திறங்க இடமாகிறது.

ஆகவே தூளியை அறவே விலக்குமாறு கூற வேண்டியதில்லை. அவ்வாறு கூறினால் கேட்பவரும் இலர். விழித்து அழும் குழந்தையை, ஒருவர் அருகிலிருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டித் தேற்றுவதற்குத் தூளி பயன்படலாம். உறங்கியதும் எடுத்துத் தட்டையான இடத்தில் கிடத்த வேண்டும். இரவில் எல்லோரும் உறங்கும்போது அதில் விடலாகாது. "அம்மாச்சி, பகலில் நீங்கள் பக்கத்திலிருந்து ஆட்டுங்கள்; கண் செருகியதும் பாயில் கிடத்திவிடுங்கள்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும் மூதாட்டி, "தொட்டில் கட்டாதீர்கள்" என்று சொன்னால் ஊழியர் படியிறங்கியதும் மீண்டும் கட்டிவிடுவார். எடை குறைந்த குழந்தைக்கும், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும் மட்டும் தூளி பகலிலும் வேண்டாம் என்று உறுதியாகக் கூற வேண்டும்.

குளிரும் கதகதப்பும்

மலைப்புறத்தில் தூளிக்கு மற்றொரு குறையும் உண்டு. சமவெளியில் அதன் நற்பண்பாக இருந்த காற்றோட்டமே இங்கே பகையாகிறது. தொங்கும் துணியின் கீழும் மேலும் குளிர்காற்றுப் படுவதால் குழந்தையின் வெப்பம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கவரப்படுகிறது. பிறந்த குழந்தை வெப்பத்தை இழக்கும் வேகம் நம்மால் எளிதில் உணரப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1997இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது: பிறந்தவுடன் ஆடையின்றி 23 டிகிரி வெப்பநிலையில் இருக்கும் குழந்தை இழக்கும் வெப்பம், ஆடையற்ற பெரியவர் ஒருவர் 0 டிகிரியில் இழக்கும் வெப்பத்துக்கு நிகரானது. மூணாற்றில் பகற்பொழுதில் நமக்கு இதமாகத் தோன்றும் காற்று அக்குழந்தைக்குப் பனிக்காற்று என்பது இதனால் விளங்கும்.

உடலின் எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதியாக இருத்தல், தோலடிக் கொழுப்புக் குறைவு, நடுங்கி வெப்பம் உண்டாக்க இயலாமை ஆகியன இதற்குக் காரணங்கள். பழுப்புக் கொழுப்பு என்னும் சிறப்பு இழையத்தை எரித்தே பிறந்த குழந்தை வெப்பம் பெறுகிறது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையிடம் அதுவும் சிறிதே. வெப்பத்துக்காகச் செலவிட்ட சர்க்கரையும் பிராணவாயுவும் பிற தேவைகளுக்குக் கிடைக்காமற் போகின்றன. குழந்தை சோர்ந்து, பால் குடிப்பதை நிறுத்துகிறது. பால் இன்மையால் மேலும் குளிர்கிறது. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருப்பதே இயல்பு. வெப்பமானி கையில் இல்லாதபோது வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியுள்ளது. இரண்டும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. தாயின் மார்பில் வைத்துக்கொண்டே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

குளிருக்கு அஞ்சி வீடுகளில் செய்யும் இரண்டு ஏற்பாடுகள் தீங்கானவை. ஒன்று, அறையைச் சாத்திக்கொண்டு கரிநெருப்பை வைத்தல். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அதிலிருந்து எழுகிறது. மணமும் நிறமும் இல்லாத அது பெரியவரையும் உறக்கத்திலேயே கொல்ல வல்லது. மற்றொன்று, குழந்தையின்மேல் கம்பளிகளை அடுக்குதல். பெரியவரின் கம்பளி சரிந்து முகத்தை மூடுகிறது. மூடாவிட்டாலும் உடல் அளவுக்கு மீறி வெப்பமடைகிறது. அளவுக்கு மீறிய வெப்பமும் உறக்கத்தில் நேரும் இறப்புக்கு ஏதுவாகக் கண்டறியப்பட்டுள்ளது. பிடரியில் வியர்வை கண்டால் ஓர் ஆடையைக் கழற்ற வேண்டும். சித்தூர்ப் பகுதியில் மே மாதத்தில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையே போதும். அங்கு மின்விசிறியின் காற்று அறையில் உலவ வேண்டுமேயன்றி நேராக முகத்தில் அடிக்கக் கூடாது.

போர்வைக்கு மாற்றாக அடிப்பக்கம் பைபோல மூடித் தைத்த உறக்கச்சட்டை மிகவும் பொருத்தமானது. கழுத்தும் கையும் சட்டைபோல் அமைந்து, கீழே கால்களைச் சுற்றித் தளர்ந்த பையாக முடிவதால் அது முகத்தை நோக்கி ஏறாது. மகாராட்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்துச் சிற்றூர்களில் மருத்துவர் அபய் பங்கும் ராணி பங்கும் நடத்திய இல்லப் பராமரிப்புப் பணியில் குழந்தைக்குரிய கதகதப்பான உறைப்பையும் ஊழியரின் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. 1999இல் வெளியான அவர்களது ஆய்வே பின்னர் 2011இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட இல்லப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்துக்கு வழிகாட்டியது. அத்திட்டப்படி ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு செல்கிறார். வீட்டில் பிறந்த குழந்தையாயின் முதல் நாளிலும் செல்ல வேண்டும். இவ்வருகைகளின்போது குழந்தை எங்கே கிடத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பதோடு நில்லாமல் நேரில் பார்ப்பது நன்று.

எடை குறைந்த குழந்தைக்குக் கதகதப்பான இடம் தாயின் மார்பே. கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரில் 1978இல், வெப்பப் பெட்டிகள் போதாமையால் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு நிமிர்த்திக் கட்டி வைக்கும் முறையைக் கையாண்டார். கங்காரு முறை என்று வழங்கும் இதனைப் பிறந்தவுடனே தொடங்குவதால் விளையும் பயனை இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் ஆராய்ந்தனர். தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. 2021இல் வெளியான முடிவுகளின்படி, 1 கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமுக்குள் எடையுள்ள குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவை வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, உடனே மார்பில் வைத்த முறையில் 12.0 விழுக்காடு. அதனையொட்டி 2022இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கடைப்பிடிக்குமாறு பரிந்துரைத்தது. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மலையேறும் வழக்கமுடைய இடுக்கியின் முதுவர் குடியினருக்குத் துணியால் உடலோடு கட்டுவது புதிதன்று. முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிக் காட்டுவதே ஊழியர் செய்ய வேண்டியது.

தட்டையாகவும் தனியாகவும் கிடத்த வேண்டும் என்று முன்னே கூறியதற்கு இது முரண் அல்லவா என்று வினவலாம். இம்முறையில் குழந்தையின் தலை ஒருபக்கமாகத் திருப்பப்பட்டுச் சற்றே நிமிர்ந்து, கட்டும் துணி காதின் கீழ்ப்பகுதி வரை வந்து தலையைத் தாங்குகிறது. மோவாய் மார்பில் புதைவதில்லை. தாய் சாய்ந்து அமர்ந்தோ அரைச்சாய்வாகப் படுத்தோ இருக்கிறார். கட்டு சரியாக இல்லாமல், களைத்த தாய் குழந்தையை மார்பில் வைத்தபடியே நாற்காலியிலோ பாயிலோ உறங்கிவிடுவதுதான் ஆபத்து. அவ்வேளையில் வீட்டிலுள்ள மற்றொருவர் தம் மார்பில் வாங்கிக்கொள்ளலாம். தந்தையும் இதற்கு ஏற்றவரே. ஒருவரும் இல்லையெனில் குழந்தையை நன்கு உடுத்தி அருகிலுள்ள படுக்கையில் மல்லாத்த வேண்டும்.

பக்கத்தொட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

படுக்கை அருகில் இருக்க வேண்டியதன் காரணம் பால். இங்கிலாந்தில் நியூகாசில் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தனித்தொட்டிலில் இருந்த குழந்தைகளைவிடத் தாயின் கட்டிலோடு இணைந்த தொட்டிலில் இருந்த குழந்தைகள் அடிக்கடி பால் குடித்தன. அறுவை செய்துகொண்ட தாய் எழுந்து நடக்காமலே குழந்தையை எடுத்துக்கொள்ள முடிவதும் இதன் சிறப்பு. ஒரே அறையில், ஆனால் தனிப்பரப்பில், குறைந்தது ஆறு மாதம் உறங்க வைப்பதே நன்று என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் திருத்தி வெளியிட்ட கொள்கை.

வாங்க விரும்புவோர் முதலில் தம் கட்டிலின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். தொட்டிலின் மெத்தையும் தாயின் மெத்தையும் ஒரே மட்டத்தில் அமையாவிட்டால் அந்தத் தொட்டில் எவ்வளவு அழகாயினும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருத்தலாகாது. குழந்தை உருண்டு அதில் முகம் அகப்படக் கூடும். அவ்விடைவெளியைத் துணி திணித்து அடைப்பது இன்னும் கேடு. கட்டிலோடு பிணைக்கும் வார் உறுதியாக இருக்கிறதா என்பதை இழுத்துப் பார்க்க வேண்டும். கயிற்றுக் கட்டிலோடு இதைப் பிணைக்கவே கூடாது: தாய் படுத்ததும் கயிறு தாழ்ந்து, மட்டம் மாறி, குழந்தை அப்பள்ளத்தை நோக்கிச் சரியும்.

தச்சரிடம் செய்விப்பதாயின் சட்டங்களுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. அதற்கு மேற்பட்டால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளையின் அளவுகோலே இதனைச் சோதிக்கப் போதுமானது. பரம்பரையாக வந்த வர்ணம் பூசிய மரத்தொட்டில்களில் ஈயம் கலந்த வர்ணம் இருக்கக் கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்காக வரையறுக்கும் விதி 2016இல்தான் நம் நாட்டில் இயற்றப்பட்டது. பழைய வர்ணத்தின்மேல் புது வர்ணம் பூசுவதால் பயனில்லை; சுரண்டுவதும் ஈயத்தூளை வீடெங்கும் பரப்பும். அத்தகைய தொட்டிலை உறங்கப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதே மேல்.

மெத்தையைப் பற்றி ஒரு சொல். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்ற ஊர். எல்லைக்கு இப்பால் உள்ள இல்லங்களிலும் அதனால் ஆன மெத்தையும் தலையணையும் உண்டு. பெரியவரின் இடுப்புக்கு இதமான அந்த மென்மை குழந்தைக்கு ஆகாது. உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தபின் குழி நின்றால் அம்மெத்தை வேண்டாம். தென்னைநாரால் செய்த மெல்லிய மெத்தை அமுங்காது. கேரளத்தில் எளிதிலும் கிடைக்கும். அதன்மேல் இறுகப் பொருந்திய ஒரே பருத்தி விரிப்பு போதும். ரப்பர் விரிப்பு வேண்டுமாயின் அதனடியில் இருக்கட்டும். தலை உருண்டையாவதற்கென்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கங்களில் வைக்கும் திண்டு, பொம்மை எதுவும் வேண்டியதில்லை. சட்டங்களைச் சுற்றிக் கட்டும் மெத்தைப்பட்டைகளையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும் 2022இல் இயற்றிய சட்டத்தால் அமெரிக்கா தடை செய்துவிட்டது. இணைய வணிகத்தில் அத்தகைய பொருள்கள் நம் ஊரில் தென்பட்டால் வாங்கற்க.

தரையில் உறங்கும் இல்லங்கள்

லயத்து வீடுகளில் ஒரு கட்டில் இருந்தால் அதில் முதியவர் உறங்குவார்; தாயும் குழந்தையும் தரையில். இதில் ஒரு நன்மை உண்டு: விழுவதற்கு உயரமில்லை. தீமை, சிமெண்டுத் தரை வெப்பத்தை உறிஞ்சுதல். குழந்தை கிடக்கும் இடத்தில் ஒரு பலகையிட்டு, அதன்மேல் மடித்த ஜமுக்காளத்தைத் தட்டையாக விரித்து, இறுக்கமான விரிப்பால் சுற்றிவிட்டால் அதுவே பக்கத்தொட்டில். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே போர்வை கூடாது. பிற பிள்ளைகள் தாயின் மறுபக்கத்தில் படுக்க வேண்டும். புகை பிடித்தவரோ மது அருந்தியவரோ குழந்தையின் பக்கத்தில் படுத்தல் ஆகாது. இதனைச் சொல்லத் தயங்கும் ஊழியர் பலர். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து வைத்திருந்த சாக்கை விரிப்பின் அடியில் போடுவதும் நஞ்சே.

தனிப்பரப்பும் அருகாமையும் ஒருங்கே அமைய நியூசிலாந்தின் மவோரி மக்கள் கண்ட வழி நம் மலைக்குடிகளுக்குப் பெரிதும் பொருந்தும். அங்கே தாயருகில் படுத்த குழந்தைகளின் உறக்க இறப்பு மிகுதியாக இருந்தது. உடன் படுக்காதீர்கள் என்ற அறிவுரையை மக்கள் ஏற்கவில்லை. அவர்களுள் ஒருவரான மருத்துவர் டேவிட் டிப்பீனி லீச்சும் முடைவோரும் சேர்ந்து, உள்ளூர் நார்ச்செடியின் இலையால் தட்டையான அடியும் தாழ்ந்த விளிம்பும் உடைய கூடையை உருவாக்கிப் பெற்றோர் படுக்கையின்மீதே வைக்கச் செய்தனர். வஹக்கூரா என்பது அதன் பெயர். 2017இல் வெளியான ஒப்பாய்வில் அது தனித்தொட்டிலைவிடத் தீங்கானதாகக் காணப்படவில்லை. ஆறாம் மாதத்திலும் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் கூடைக் குழுவில் ஏறத்தாழ இருமடங்கு. இத்தகைய படுக்கைகளை வழங்கி, தாய்மார்க்கு விளக்கமும் அளித்த திட்டம் பரவிய 2009–2015 காலத்தில் அந்நாட்டின் குழந்தை இறப்பு, பிறந்த முதல் வாரத்துக்குப் பிற்பட்டது, 29 விழுக்காடு குறைந்தது. இடுக்கியின் முதுவரும் மன்னாரும் ஊராளிகளும் ஈற்றையால் முடையும் கண்ணாடிப்பாயின் நேர்த்தியை அறிந்தவர், அவர்களது கைக்கு இத்தகைய கூடை அரிதன்று என்பதை ஒப்புவர். அடி அகன்று தட்டையாகவும், விளிம்பில் சிராய் இல்லாமலும், பக்கங்கள் காற்றுப் புகும் முடைச்சலாகவும் இருத்தல் வேண்டும். நெல் அளக்கும் குழிந்த கூடை இதற்கு உதவாது.

காப்பகமும் பள்ளியும்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. மகப்பேற்று விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்தது. முழு விடுப்பும் எடுத்த தாயின் குழந்தை ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் காப்பகத்துக்கு வரும். தற்காலிகமாக வேலை செய்வோரின் குழந்தை அதற்கு மிக முன்னரே வந்துவிடுவதுண்டு. வரிசையாகத் துணித்தொட்டில்கள் தொங்க, ஆயா ஒருவரே அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொரு முகத்தையும் அவரால் காண இயலாது. தரையிலிருந்து சற்றே உயர்த்திய தட்டையான படுக்கைகளே அங்கே தக்கவை. இக்குறையைக் காணும் ஊழியர் தோட்ட நிருவாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் தனிக் கடமை ஒன்று உண்டு. தம்பிக்கோ தங்கைக்கோ கட்டிய சேலைத் தொட்டிலில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி ஊஞ்சலாடுவதும், சுற்றிச் சுழல்வதும், துணி முறுக்கிக் கழுத்தை இறுக்குவதும் நிகழ்கின்றன. இவ்வாறு சிறுவர் சிறுமியர் உயிரிழந்த செய்திகள் தமிழகத்திலும் கேரளத்திலும் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. பெற்றோர் தோட்டத்தில் இருக்கும் மாலைப்பொழுதில்தான் இவ்வாபத்து மிகுதி. குழந்தையை எடுத்தவுடன் துணியை அவிழ்த்து மடித்து வைக்கும் வழக்கத்தை மாணவர்க்கே சொல்லிக் கொடுத்தால் அது வீட்டுக்குச் செல்லும்.

பக்கத்தொட்டிலோ கூடையோ, எதுவாயினும் அதன் காலம் குறுகியது. குழந்தை கையூன்றித் தலையையும் மார்பையும் உயர்த்தவோ முழங்காலில் எழும்பவோ முயன்ற நாளே அதனை நிறுத்த வேண்டிய நாள். பெரும்பாலும் அது நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே வரும். கால்கையைத் துணியால் சுற்றும் வழக்கமிருந்தால், உருள முயலும்போதே அதையும் விட்டுவிட வேண்டும். பின்னர் உயர்ந்த பக்கங்களையுடைய தொட்டிலிலோ தரைப்பாயிலோ உறங்க வைக்கலாம். பயன்பட்ட தொட்டிலை அடுத்த வீட்டுக்குக் கொடுக்குமுன் விரிப்பைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயவைத்து, திருகுகளும் வாரும் குறையாமல் உள்ளனவா என்று பார்த்து, முன் கூறிய 6 சென்டிமீட்டர் அளவை மறுபடியும் எடுத்துவிட வேண்டும். சட்டம் ஒன்று கழன்றிருந்தால், கயிற்றால் கட்டிச் சரிசெய்து கொடுக்கற்க.